சமன்பட்டவையெல்லாம் உண்மையாகுமா?

கலைப்பீட மாணவன் ஒருவன் இரசாயனச் சமன்பாடுகளைப் பற்றி எழுத முற்படுவதை அத்துமீறல் எனச் சிலர் கருதக்கூடும். விஞ்ஞானம் விஞ்ஞான பீடத்தாருக்கே உரியது, இலக்கியமும் வரலாறும் ஏனையோருக்கு உரியன என்னும் பாகுபாடு எமது பல்கலைக்கழகங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. ஆயின், ஒரு கணக்கு எப்போது உண்மையாகவே நிறைவு பெறுகின்றது, எப்போது நிறைவு பெற்றதுபோன்ற தோற்றத்தை மட்டும் தருகின்றது என்னும் வினா எந்தவொரு பீடத்துக்கும் தனியுடைமையன்று. ஒட்சியேற்ற, தாழ்த்தல் தாக்கங்களைச் சமன்படுத்தும் முறை எமது உயர்தர வகுப்புகளிற் பெரும்பாலும் கற்பிக்கப்படும் விதத்தை நோக்குமிடத்து, இவ்வினா அங்கு எழுப்பப்படாமலே விடப்படுகின்றது என்பதே எனது குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வகுப்பறையில் வழங்கும் கோட்பாடு மிக எளிமையானது. சமன்பாட்டின் இடப்பக்கத்து அணுக்களை எண்ணுக. வலப்பக்கத்து அணுக்களை எண்ணுக. பின்னர் மின்னேற்றங்களை எண்ணுக. யாவும் ஒத்திருப்பின் சமன்பாடு சரியானது. இக்கோட்பாட்டுக்கு அடிப்படையாக அமைவது பொருட்காப்பு விதி. அவ்விதியில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் விதி கூறுவது ஒன்று, வகுப்பறை அதிலிருந்து பெறும் முடிவு வேறொன்று. உண்மையான சமன்பாடு ஒவ்வொன்றிலும் அணுக்கள் சமப்பட்டிருக்கும் என்று விதி கூறுகின்றது. அணுக்கள் சமப்பட்ட ஒவ்வொன்றும் உண்மையான சமன்பாடு என்று வகுப்பறை அதனைத் தலைகீழாக்கிக் கொள்கின்றது. அளவையியலின் முதற்பாடத்தைப் படித்தவர்கள்கூட இவ்விரு கூற்றுகளும் வெவ்வேறானவை என்பதை அறிவர். மனிதர் அனைவரும் இறப்பர் என்பதிலிருந்து இறப்பன அனைத்தும் மனிதர் என்ற முடிவு பிறப்பதில்லை.

இது சொற்சிலம்பம் என்று தோன்றினால் ஓர் உதாரணத்தைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். ஆய்வுகூடத்திலே பலரும் செய்து பார்த்த தாக்கமே அது. சல்பூரிக்கமிலம் சேர்த்து அமிலப்படுத்திய ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலிலே பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விடும்போது அதன் ஊதா நிறம் மறைகின்றது. வாயுக் குமிழிகள் எழுகின்றன. தாக்கிகள் பரமங்கனேற்று அயன், ஐதரசன் பேரொட்சைட்டு, ஐதரசன் அயன் ஆகிய மூன்று. விளைவுகள் மங்கனீசு அயன், நீர், ஒட்சிசன் ஆகிய மூன்று. இதனைச் சமன்படுத்துமாறு கேட்டால் பின்வரும் விடைகளுள் எதனை ஏற்பது?

முதலாவது விடை: 2 பரமங்கனேற்று அயன்கள், 1 ஐதரசன் பேரொட்சைட்டு மூலக்கூறு, 6 ஐதரசன் அயன்கள் ஆகியவை தாக்கமுற்று 2 மங்கனீசு அயன்களையும் 4 நீர் மூலக்கூறுகளையும் 3 ஒட்சிசன் மூலக்கூறுகளையும் தருகின்றன. இரண்டாவது விடையில் பேரொட்சைட்டு 3, நீர் 6, ஒட்சிசன் 4. மூன்றாவது விடையில் பேரொட்சைட்டு 5, நீர் 8, ஒட்சிசன் 5. நான்காவதில் பேரொட்சைட்டு 7, நீர் 10, ஒட்சிசன் 6. நான்கிலும் பரமங்கனேற்றும் மங்கனீசு அயனும் இவ்விரண்டு. ஐதரசன் அயன் ஆறு. வாசகர் ஒரு தாளை எடுத்துத் தாமே எண்ணிப் பார்க்கட்டும். முதலாவதில் இரு பக்கமும் ஒட்சிசன் அணுக்கள் 10, ஐதரசன் அணுக்கள் 8. மூன்றாவதில் ஒட்சிசன் அணுக்கள் 18, ஐதரசன் அணுக்கள் 16. நான்கு விடைகளிலும் இரு பக்க மின்னேற்றமும் நேர் 4. அணுவிலும் மின்னேற்றத்திலும் ஒரு குறையும் காண முடியாது. இவ்வரிசை நான்குடன் முடிவதுமில்லை. 9, 11, 13 எனப் பேரொட்சைட்டைக் கூட்டிக்கொண்டே போகலாம். எண்ணிறந்த 'சரியான' சமன்பாடுகள் கிடைக்கும்.

இவ்விசித்திரத்தின் காரணம் கணித ரீதியில் எளிதானது. ஆறு பொருள்களுக்கு ஆறு தெரியாக் கணியங்கள். அவற்றைக் கட்டுப்படுத்துவன மங்கனீசு, ஒட்சிசன், ஐதரசன், மின்னேற்றம் என நான்கு நிபந்தனைகள் மட்டுமே. ஒரே விகிதம் கிடைப்பதற்கு ஐந்து நிபந்தனைகள் வேண்டும். இரசாயன ரீதியிலும் காரணத்தைக் கூறலாம். 2 பேரொட்சைட்டு மூலக்கூறுகள் தாமாகவே 2 நீர் மூலக்கூறுகளாகவும் 1 ஒட்சிசன் மூலக்கூறாகவும் பிரிகையடையக் கூடியன. தன்னளவிற் சமப்பட்ட அப்பிரிகையை எத்தனை தடவை கூட்டினாலும் மொத்தக் கணக்குக் குலையாது. ஆகவே எண்ணுதல் என்ற கருவி இங்கு தன் எல்லையை அடைந்துவிடுகின்றது. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

அவ்வாற்றல் எதற்கு உண்டு? கொடுத்தது எது, பெற்றது எது என்ற வினாவுக்கு உண்டு. ஒட்சியேற்றம் என்பது இலத்திரனை இழத்தல். தாழ்த்தல் என்பது இலத்திரனைப் பெறுதல். இத்தாக்கத்தில் ஒரு பரமங்கனேற்று அயன் 8 ஐதரசன் அயன்களுடன் சேர்ந்து 5 இலத்திரன்களைப் பெற்று ஒரு மங்கனீசு அயனாகவும் 4 நீர் மூலக்கூறுகளாகவும் மாறுகின்றது. ஒரு பேரொட்சைட்டு மூலக்கூறு 2 இலத்திரன்களை இழந்து ஒரு ஒட்சிசன் மூலக்கூறாகவும் 2 ஐதரசன் அயன்களாகவும் மாறுகின்றது. பெறுவது ஐந்து ஐந்தாக, கொடுப்பது இரண்டு இரண்டாக. இரண்டும் சந்திக்கும் இடம் 10. ஆதலால் 2 பரமங்கனேற்றுக்கு 5 பேரொட்சைட்டு. தேவைப்பட்ட 16 ஐதரசன் அயன்களில் 10 பேரொட்சைட்டிலிருந்தே வந்துவிடுவதால் எஞ்சுவது 6. மூன்றாவது விடை ஒன்றே நிலைக்கின்றது, ஏனையவை வீழ்கின்றன.

ஏன் வீழ்கின்றன என்பதையும் இப்போது கூறிவிடலாம். முதலாவது விடையில் பரமங்கனேற்றுக்குத் தேவையான 10 இலத்திரன்களில் பேரொட்சைட்டு கொடுத்தவை 2 மட்டுமே. மீதி 8 எங்கிருந்து வந்தன? நீரிலோ பரமங்கனேற்றிலோ உள்ள ஒட்சிசன் அணுக்கள் அவற்றைக் கொடுத்தன என்று அச்சமன்பாடு வாய்திறவாமற் பொய்கூறுகின்றது. உண்மையில் வெளிவரும் ஒட்சிசன் முழுவதும் பேரொட்சைட்டுக்கே உரியது. சாதாரண ஒட்சிசனிலும் பாரமான, திணிவெண் 18 உடைய ஒட்சிசன் அணுக்களை அடையாளமாகப் பயன்படுத்தி ஹென்றி ரோபும் அவருடன் ஆய்வு செய்தவரும் 1952 இல் வெளியிட்ட முடிவுகள் இதனை உறுதிசெய்தன. இலத்திரன் இடமாற்றத்தைப் பற்றிய ஆய்வுகளுக்காக ரோப் 1983 இல் நோபல் பரிசு பெற்றவர்.

விடை எதுவானாலென்ன என்று அலட்சியப்படுத்தவும் இயலாது. இலீற்றருக்கு 0.02 மூல் செறிவுள்ள பரமங்கனேற்றுக் கரைசலில் 20 மில்லிலீற்றர் செலவானதாகக் கொள்வோம். சரியான விகிதத்தின்படி கரைசலில் இருந்த பேரொட்சைட்டு 34 மில்லிகிராம். முதலாவது விடையை நம்பினால் அது 6.8 மில்லிகிராம். ஐந்து மடங்கு வேறுபாடு. அளவியும் குழாயியும் துல்லியமாக இருந்தும், கணக்குச் சமப்பட்டிருந்தும், முடிவு பொய்யாகின்றது.

வணிகக் கல்வி பயின்ற நண்பர்களுக்கு இதில் வியப்பேதும் இராது. பரீட்சை மீதி சமப்பட்டுவிட்டது என்பதனால் ஏடுகள் பிழையற்றவை என்று எந்தக் கணக்காளரும் சத்தியம் செய்வதில்லை. ஒருவருடைய கணக்கிற் பதியவேண்டிய தொகையை இன்னொருவருடைய கணக்கிற் பதிந்தாலும் மீதி சமப்படும். ஆகவேதான் பரீட்சை மீதியால் வெளிப்படாத வழுக்கள் எவையெனத் தனியொரு பாடமாகவே அங்கு கற்பிக்கின்றனர். வரவு செலவு ஏடுகளுக்குக் காட்டும் இந்த எச்சரிக்கையை இயற்கையின் ஏட்டுக்குக் காட்டாதிருப்பது விந்தையிலும் விந்தை.

இங்கு ஒரு மறுப்பு எழும். ஒட்சியேற்ற எண் முறை பாடத்திட்டத்தில் உள்ளதே, அது இலத்திரனைத்தானே கணக்கிடுகின்றது என்பர். உண்மை, அம்முறை பயனுள்ளது. ஆனால் ஒட்சியேற்ற எண் என்பது சில விதிகளின்படி அணுக்களுக்கு நாம் வழங்கும் எண் என்பதை மறந்துவிட்டுக் கையாளும்போது அதுவும் வாய்பாடாகிவிடுகின்றது. காந்தக்கல்லாகிய இரும்பொட்சைட்டில் 3 இரும்பு அணுக்களுக்கு 4 ஒட்சிசன் அணுக்கள். விதியைப் பிரயோகித்தால் இரும்பின் எண் 8 இன் கீழ் 3 என வரும். இலத்திரனில் மூன்றிலொரு பங்கை இழந்த இரும்பணு உலகில் எங்கும் இல்லை. அங்கு இருப்பவை நேர் 2 நிலையில் ஒன்றும் நேர் 3 நிலையில் இரண்டும். கிடைத்த எண் வெறும் சராசரி. இம்முறையின் மூலவடிவத்தை ஓ. சி. ஜோன்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1880 இல் வெளியிட்டார், ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்ததோ 1897 இல். இலத்திரன் என ஒன்று உண்டு என்பதை அறியாமலே இம்முறையைக் கையாள முடிந்தது என்பதே அதன் வசதி. அதுவே அதன் ஆபத்தும். சர்வதேச இரசாயன ஒன்றியம் ஒட்சியேற்ற நிலைக்கு முழுமையானதொரு வரைவிலக்கணத்தை 2016 இலும் செப்பனிட்டு வெளியிட வேண்டியிருந்தது என்பது, இவ்வெண் இயற்கை எழுதிவைத்த இலக்கமன்று என்பதற்குச் சான்று. பேரொட்சைட்டின் ஒட்சிசனுக்கு எதிர் 1 என்று எண் வழங்கிய மாணவன், அது மேலேறுமா கீழிறங்குமா என்பதை எண்ணைப் பார்த்து அறிய முடியாது. தாக்கத்தை அறிந்தே அதனைத் தீர்மானிக்க வேண்டும்.

சொற்களும் எம்மை வழிதவறச் செய்கின்றன. இவ்விடத்திலே கலைப்பீடத்தானுக்குப் பேசும் உரிமை சற்று அதிகம். ஈழத்திலே இரசாயனம் தமிழிற் பேசத் தொடங்கியது நேற்றன்று. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் நூல் 1875 இல் வெளிவந்தது. இன்று நாம் ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்கிறோம். தமிழ்நாட்டார் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்பர். இரு நாட்டு வழக்குகளிலும் ஒட்சிசனின் பெயர் முன்நிற்கின்றது. அது பதினெட்டாம் நூற்றாண்டில் லவோசியர் இட்ட முத்திரை. எரிதலை ஒட்சிசனுடன் சேர்தலாக விளக்கிய அப்பேரறிஞர், அமிலங்கள் அனைத்துக்கும் ஒட்சிசனே மூலம் என்றும் நம்பினார். குளோரீன் ஒரு மூலகம் என்பதையும், ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் இல்லை என்பதையும் ஹம்பிரி டேவி 1810 இல் எடுத்துக்காட்டியபோது அந்நம்பிக்கை தகர்ந்தது. பெயர்கள் மட்டும் எஞ்சின. செப்புச் சல்பேற்றுக் கரைசலில் இட்ட நாகத் துண்டு கரைகின்றது, செம்பு படிகின்றது. இத்தாக்கத்தில் ஒட்சிசன் கைமாறுவதேயில்லை. எனினும் நாகம் ஒட்சியேற்றப்பட்டது என்கிறோம். தமிழிலே இச்சிக்கல் இரட்டிப்பாகின்றது. இழப்புக்கு 'ஏற்றம்' என்று பெயர். பேற்றுக்குத் 'தாழ்த்தல்' என்று பெயர். சொல்லின் பொருளை நம்பும் மாணவன் ஒவ்வொரு முறையும் தலைகீழாகவே சிந்திப்பான்.

ஆகவே புதிய கலைச்சொற்களை ஆக்குக என்று நான் கோரவில்லை. பல தலைமுறைகள் பயின்ற சொற்களைக் கலைப்பது தீமையே பயக்கும். அச்சொற்களின் வரலாற்றை அரை மணி நேரம் வகுப்பிற் கூறுங்கள் என்றே கேட்கின்றேன். அந்த அரை மணி நேரம் எத்துணை பெறுமதியானது என்பதற்கு எமது குருதியே சாட்சி. நுரையீரலில் ஈமோகுளோபினின் இரும்புடன் ஒட்சிசன் சேர்கின்றது. உடலெங்கும் சென்று பிரிகின்றது. அது ஒட்சிசனேற்றம், இரும்பு தன் இலத்திரனை நிலையாக இழப்பதில்லை. அதே இரும்பு ஓர் இலத்திரனை இழந்து நேர் 2 நிலையிலிருந்து நேர் 3 நிலைக்குச் சென்றுவிட்டால் அது ஒட்சியேற்றம். அதன்பின் அவ்விரும்பால் ஒட்சிசனைச் சுமக்க முடியாது. ஒட்சியேற்றம் என்றால் ஒட்சிசன் சேர்தல் என்று மட்டும் கற்றவனுக்கு, ஒட்சியேற்றப்பட்ட குருதி ஒட்சிசனின்றித் தவிக்கும் என்பது விளங்கவே மாட்டாது.

இதனை விளங்கிக்கொள்ள வேண்டிய தேவை எமக்கு உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கற் படையில் தேங்கும் தரைக்கீழ் நீரே குடிப்பதற்கும் பயிருக்கும் ஆதாரம். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செறிவாகப் பயிராகும் செம்மண் நிலத்தில் இடப்படும் பசளையிலிருந்தும், மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று அந்நீரிற் கலக்கின்றது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். பல கிணறுகள் இவ்வெல்லையைத் தாண்டியுள்ளமையை ஆய்வுகள் பல்லாண்டுகளாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளன. புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து மிகுதி. குழந்தையின் உடலில் நைத்திரேற்று 2 இலத்திரன்களைப் பெற்று நைத்திரைற்று ஆகின்றது. நைத்திரைற்று குருதியிற் புகுந்து ஈமோகுளோபினின் இரும்பை ஒட்சியேற்றுகின்றது. குழந்தையின் உடல் நீலம் பாரிக்கின்றது. நீரைக் கொதிக்க வைத்தால் தீர்ந்துவிடும் என்பாரும் உளர். கொதித்து ஆவியாவது நீரே. எஞ்சிய நீரில் நைத்திரேற்றின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

இந்நைத்திரேற்றை எண்ணிப் பார்க்கும் முறையிற் சமன்படுத்திப் பார்ப்போமா? 4 நைத்திரேற்று அயன்களும் 4 ஐதரசன் அயன்களும் சேர்ந்து 2 நைதரசன் மூலக்கூறுகளையும் 5 ஒட்சிசன் மூலக்கூறுகளையும் 2 நீர் மூலக்கூறுகளையும் தரும். அணுக்கள் சரி, மின்னேற்றம் சரி. நஞ்சு முழுவதும் தூய காற்றாகிவிட்டது! தாளின்மேல் எல்லாக் கிணறுகளும் தாமாகவே சுத்தமாகின்றன. கொடுப்பது எது என்று கேட்டவுடன் இக்கனவு கலைகின்றது. நைத்திரேற்றின் நைதரசன் அணு ஒவ்வொன்றும் நைதரசன் வாயுவாவதற்கு 5 இலத்திரன்களைப் பெறவேண்டும். மேற்கண்ட சமன்பாட்டின்படி அவற்றை ஒட்சிசன் அணுக்களே கொடுக்க வேண்டும். கிணற்று நீரில் அவை கொடுப்பதில்லை. வேறு கொடையாளி வேண்டும். காற்றுப் புகாத சேற்றிலே சிதைவுறும் தாவரப் பொருளின் காபனை உண்டு வாழும் பற்றீரியாக்கள் அக்கொடையை நிகழ்த்துகின்றன. வெல்லத்தின் 5 காபன் அணுக்கள் 4 நைத்திரேற்று அயன்களுக்குப் போதிய 20 இலத்திரன்களைக் கொடுக்கும். சேதனப் பொருள் குறைந்த, காற்றோட்டமுள்ள சுண்ணாம்புக்கல் நீரில் இத்தகைய கொடையாளி அரிது. ஆதலால் நைத்திரேற்று அங்கேயே தங்குகின்றது. இந்த விளக்கத்தைப் பெற்ற மாணவன், பசளையையும் மலக்குழியையும் கட்டுப்படுத்தாமல் காலம் தானே கிணற்றைச் சுத்தமாக்கும் என்று நம்பமாட்டான். எண்ணிக்கை மட்டும் கற்றவன் நம்பக்கூடும்.

இவற்றையெல்லாம் கற்பிக்க நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பர். அவர்களது இடர்ப்பாட்டை நான் உணராமலில்லை. உயர்தர இரசாயனவியலின் முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள். நேரம் 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடமும் 24 செக்கனும். இந்த ஓட்டத்திலே குறுக்குவழி விலைபோவது இயல்பு. தனியார் வகுப்புகளில் விற்பனையாவதும் அதுவே. ஆனால் அரைச் சமன்பாட்டு முறை குறுக்குவழியிலும் நீளமானதன்று. மேலே பரமங்கனேற்றுத் தாக்கத்துக்கு நாம் செலவிட்டது சில வரிகளே. நேரமின்மை என்பது சாக்கு. சரியான எண்கள் கிடைத்தாற் போதும், அவற்றின் பொருள் எமக்கு வேண்டியதில்லை என்ற மனப்பான்மையே மெய்யான தடை. அது இரசாயன வகுப்பில் மட்டும் குடியிருப்பதன்று. காரணம் கேளாமல் ஆண்டுகளை மனனம் செய்யும் வரலாற்று மாணவனிடத்தும், பாடலைப் படியாமல் அணிகளை எண்ணும் தமிழ் மாணவனிடத்தும் அதுவே குடியிருக்கின்றது.

ஆகவே மூன்று காரியங்களைக் கோருகின்றேன். சமன்படுத்தல் கற்பிக்கும்போது முதலில் இலத்திரனின் போக்குவரவைக் கூறி, அரைச் சமன்பாடுகளை எழுதி, அதன் பின்னரே எண்ணுதலைச் சரிபார்க்கும் கருவியாகப் பயன்படுத்துக. பரீட்சையிலே, சமப்பட்டிருந்தும் பொய்யான ஒரு சமன்பாட்டைக் கொடுத்து, அது ஏன் பொய்யென நிறுவுமாறு கேட்கும் வினா ஒன்றையேனும் சேர்க்குக. கலைச்சொற்களின் வரலாற்றைப் பாடத்தின் பகுதியாக்குக. அப்பணியில் மொழித்துறையினர் விஞ்ஞானத் துறையினருக்குத் துணைநிற்க முடியும், நிற்கவும் வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய கட்டடமோ புதிய உபகரணமோ தேவையில்லை.

இக்கருத்துகளை மறுப்போர் இருப்பின் அடுத்த இதழில் மறுத்தெழுதட்டும், வரவேற்பேன். ஆனால் எழுதுமுன் மேலே தந்த நான்கு விடைகளையும் தமக்குத் தெரிந்த ஓர் உயர்தர மாணவரிடம் கொடுத்து, எது சரி, ஏன் சரி என்று கேட்டுப் பார்க்கட்டும். 'எது' என்பதற்குப் பலர் விடை கூறுவர். 'ஏன்' என்பதற்குக் கிடைக்கும் விடையைக் கேட்டபின் விவாதத்தைத் தொடங்கலாம்.